எந்த வழு பெரிய வழு? டெபியனும் சிங்கப்பூரும்

2024 மார்ச் 29 புனித வெள்ளி. சிங்கப்பூரில் பொது விடுமுறை. இங்கே நள்ளிரவை நெருங்கிய நேரத்தில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் லினக்ஸ் பாதுகாப்பு வட்டாரங்களுக்கு ஒரு மடல் அனுப்பினார். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடிய கணினியில், தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதை அவர் கவனித்திருந்தார். காரணத்தைத் தேடிப் போனவருக்கு, கோப்புகளைச் சுருக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் யாரோ ஒரு பின்கதவை ஒளித்துவைத்திருப்பது தெரியவந்தது. அந்தக் குறைக்குப் பத்துக்குப் பத்து என்ற ஆபத்து மதிப்பெண் கொடுக்கப்பட்டது.

பின்கதவை வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கியவர். இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக உழைத்து, மூல ஆசிரியர் லாஸே கொலினின் நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளர் பொறுப்புக்கு வந்தவர். பின்னர் ஆய்வாளர்கள் திரட்டிய தடயங்களில் ஒரு சிங்கப்பூர் ஐபி முகவரியும் இருந்தது. அது ஒரு விபிஎன் சேவையின் முகவரி. ஆகவே அந்த ஆள் இங்கே உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அது சான்றாகாது. இருந்தாலும், வங்கி முதல் மருத்துவமனை வரை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்ட ஒரு நகரத்தின் பெயர் அந்தக் கதையில் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புவது பின்கதவை அல்ல. அன்றைக்கு டெபியன் அதை எப்படிக் கையாண்டது என்பதை. வழு, அதாவது பக், ஒன்று வந்தால் அது எவ்வளவு தீவிரமானது என்று யார் முடிவுசெய்கிறார்கள், அது எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று எப்படிக் குறித்துவைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் வெறும் அலுவல் நடைமுறை போலத் தோன்றும். உண்மையில் கணினியை நம்பி வாழும் ஒரு சமூகத்தின் பாதுகாப்பு இந்த இரண்டில்தான் தங்கியிருக்கிறது. தமிழில் கணினியைப் பயன்படுத்துவோர் நிலையும் இதில்தான் தங்கியிருக்கிறது என்பது என் வாதம்.

டெபியன் அப்போது வெளியிட்ட மாற்றுப் பொதியின், அதாவது நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருளின், பதிப்பு எண் இது: ‘5.6.1+ரியலி5.4.5-1’. பெயர் 5.6.1, உள்ளே இருப்பது 5.4.5. ஏன் நேராக 5.4.5 என்றே போடவில்லை? டெபியனின் நிறுவல் கருவியான ‘ஆப்ட்’ மேல்நோக்கி மட்டுமே தானாகப் போகும். 5.6.1 ஏறிவிட்ட கணினியில் 5.4.5 வந்தால் அதைப் பழையது என்று ஒதுக்கிவிடும். நச்சுப் பதிப்பு அப்படியே தங்கிவிடும். எனவே எண் உயர வேண்டும், உள்ளடக்கம் இறங்க வேண்டும். அந்த முரணை மறைக்காமல், ‘உண்மையில் இது 5.4.5தான்’ என்று எண்ணுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். பதிப்பு எண் என்பது வயதைச் சொல்லும் முத்திரை அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான வாக்குமூலம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்புக்குச் சில நாள்கள் முன்னர், ‘ஹான்ஸ் ஜான்சன்’ என்ற பெயரில் ஒருவர் டெபியனின் வழுப் பதிவேட்டிலேயே விண்ணப்பம் வைத்தார். 5.6.1 பதிப்பை ஏற்றிக்கொள்ளுங்கள் என்பது கோரிக்கை. அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையான ஆள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. வழுவைத் திருத்தக் கட்டிய வாசலே வழுவை உள்ளே கொண்டுவரவும் பயன்பட்டது. புதிய பதிப்பு என்றால் நல்ல பதிப்பு என்ற பொது நம்பிக்கையைத்தான் பின்கதவை வைத்த தரப்பு பயன்படுத்திக்கொண்டது. டெபியனின் நிலையான வெளியீடான ‘புக்வோர்ம்’ அப்போது 5.4.1 பதிப்பில் நின்றது. பழையதில் நின்றவர்கள் தப்பினார்கள்.

அதற்காகப் பழையதே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிட முடியாது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜூலை 1 அன்று, குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எஸ்எஸ்எச் வசதியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் கடுமையான ஒரு குறையை அறிவித்தார்கள். 2006இல் அடைக்கப்பட்ட ஓட்டை, பிற்காலத்தில் செய்த ஒரு மாற்றத்தால் மீண்டும் திறந்துகொண்டது. 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகள் பாதிக்கப்பட்டவை, 9.8இல் திருத்தம் வந்தது. புக்வோர்மில் இருந்ததோ 9.2. டெபியன் 9.8க்குத் தாவவில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் 9.2க்குள் தைத்து, ‘1:9.2பி1-2+டெப்12யு3’ என்று வெளியிட்டது.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிவது ஒரு கைத்தொழில். முதலில் வரும் 1 ‘எப்பாக்’. மூல ஆசிரியர் எண்ணிடும் முறையையே மாற்றிவிட்டால் வரிசை குழம்பாமலிருக்க டெபியன் முன்னால் வைக்கும் எண். ஒருமுறை வைத்தால் பிறகு எடுக்க முடியாது என்பதால் அதைத் தொட எல்லோரும் தயங்குவார்கள். அடுத்து 9.2பி1, மூல ஆசிரியர் தந்த பதிப்பு. கோட்டுக்குப் பின் வருவது டெபியன் தன் கையால் செய்த வேலை: இரண்டாவது கட்டு, டெபியன் 12க்காக மூன்றாவது திருத்தம். 1.10 என்பது 1.9ஐவிடப் பெரியது, ஏனென்றால் புள்ளிகளுக்கு இடைப்பட்டவை முழு எண்களாகவே ஒப்பிடப்படும். ‘~’ என்ற அலைக்குறி வந்தால் அந்தப் பதிப்பு குறியில்லாததற்கு முந்தியது; சோதனைப் பதிப்புகள் இறுதிப் பதிப்பைத் தாண்டிவிடாமல் தடுப்பது அந்தக் குறிதான்.

இப்போது சிங்கப்பூரின் ஒரு நிதி நிறுவனத்தில் இந்தக் கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத் துப்புரவு விதிகள் 2020 ஆகஸ்ட் 6 முதல் நடப்பில் இருக்கின்றன. ஆபத்தின் அளவுக்கு ஏற்ற காலத்துக்குள் பாதுகாப்புத் திருத்தங்களைப் போட வேண்டும் என்று அவை கட்டாயப்படுத்துகின்றன. நல்ல விதி. ஆனால் சோதனை செய்யும் ஸ்கேனர் பெரும்பாலும் 9.2 என்பதை மட்டும் பார்த்துச் சிவப்பு விளக்கைப் போடும். கோட்டுக்குப் பின்னால் உள்ளதை அது படிப்பதில்லை. திருத்தப்பட்ட கணினி குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அந்தச் சிவப்பை அணைக்க யாராவது மூலத் தளத்திலிருந்து 9.8ஐக் கையால் இறக்கிப் போட்டால், அதன் பிறகு டெபியனின் பாதுகாப்புக் குழு அனுப்பும் எந்தத் திருத்தமும் அந்தப் பொதிக்கு வந்து சேராது. பச்சை விளக்குக்காகப் பாதுகாப்பை இழப்பது என்பது இதுதான்.

கோட்டுக்குப் பின்னால் உள்ள வேலை எப்போதும் நல்லதாகவே அமைந்துவிடுவதும் இல்லை. 2006 செப்டம்பரில், மறையாக்கத்துக்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் டெபியனே செய்த ஒரு திருத்தம், சோதனைக் கருவி எழுப்பிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகளை எடுத்துவிட்டது. எடுத்த வரிகள், சாவிகளை ஊகிக்க முடியாதபடி உருவாக்கத் தேவையான சீரற்ற தன்மையைச் சேர்க்கும் வரிகள். விளைவாக, ஒரு குறிப்பிட்ட வகைச் சாவியில் சாத்தியமானவை 32,768 மட்டுமே என்றாகிவிட்டது. லூசியானோ பெல்லோ அதைக் கண்டுபிடிக்க, 2008 மே 13இல் டெபியன் பகிரங்கமாக அறிவித்தது. ஏறத்தாழ இருபது மாதம் உலகெங்கும் பலவீனமான சாவிகள் உருவாகிக்கொண்டிருந்தன. ஒரு கருவியின் சலிப்பூட்டும் எச்சரிக்கையில் தொடங்கிய விஷயம், டெபியனின் வரலாற்றில் மிகப் பெரிய வழுக்களில் ஒன்றாக முடிந்தது. புகார் வந்த நாளில் தெரியும் தீவிரம் வேறு, உள்ளே இருக்கும் தீவிரம் வேறு.

தீவிரத்துக்கு டெபியன் ஏழு படிகள் வைத்திருக்கிறது. மேலே மூன்று: ‘கிரிட்டிக்கல்’, ‘கிரேவ்’, ‘சீரியஸ்’. ஒரு பொதி தனக்குச் சம்பந்தமில்லாத மென்பொருளையோ முழுக் கணினியையோ உடைத்தால் அது முதல் படி. தானே பயன்படாமல் போனால், அல்லது தரவை அழித்தால், அல்லது அதைப் பயன்படுத்துவோரின் கணக்குக்குள் பிறர் நுழைய வழிவிட்டால் இரண்டாவது. டெபியனின் விதிமுறையைக் கடுமையாக மீறினால், அல்லது வெளியிடத் தகுதியில்லை என்று பராமரிப்பாளரோ வெளியீட்டுக் குழுவோ கருதினால் மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று ஒட்டப்பட்ட பொதி புதிய வெளியீட்டுக்குள் போக முடியாது. கவனிக்காமல் விட்டால், அடுத்த வெளியீடு உருவாகும் ‘டெஸ்டிங்’ பிரிவிலிருந்து பெரும்பாலும் தானாகவே நீக்கப்படும். கீழே நான்கு: ‘இம்பார்ட்டன்ட்’, ‘நார்மல்’, ‘மைனர்’, ‘விஷ்லிஸ்ட்’. இவை எதுவும் வெளியீட்டை நிறுத்தாது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, தீவிரம் என்பதைப் புகார் செய்தவரின் கோபத்தோடு அது கட்டவில்லை. யாருக்கு, என்ன கெடுதல் என்பதே அளவுகோல். எத்தனை பேர் சத்தம் போட்டார்கள் என்பது விளக்கங்களில் எங்கும் இல்லை. புகார் செய்பவர் தீவிரத்தைக் குறிக்கலாம், பராமரிப்பாளர் மாற்றலாம், வெளியீட்டைப் பற்றிய கடைசிச் சொல் வெளியீட்டுக் குழுவினுடையது. அதோடு, ஒவ்வொரு வழுவும் எந்தப் பதிப்பில் காணப்பட்டது, எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்று தனித்தனியாகப் பதியப்படுகிறது. ‘தீர்ந்துவிட்டது’ என்ற ஒற்றைச் சொல் அங்கே செல்லாது. எந்தப் பதிப்பில் என்று சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைச் சிங்கப்பூர் 2018இல் பார்த்தது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் நோயாளித் தரவுத்தளம் ஊடுருவப்பட்டது. 15 லட்சம் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி முதலியவை களவுபோயின. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் தேடப்பட்டன. அது லினக்ஸ் கதை அல்ல. ஆனால் விசாரணைக் குழு 2019 ஜனவரி 10இல் வெளியிட்ட அறிக்கையைப் படிப்பவருக்கு, தீவிரத்தையும் பதிப்பையும் கையாளத் தவறிய கதையாகவே அது தெரியும்.

ஊடுருவலின் முதல் தடம் 2017 ஆகஸ்டில் விழுந்தது. ஊழியர் ஒருவரின் கணினியில் இருந்த அவுட்லுக் மென்பொருளுக்குத் திருத்தம் போடப்படவில்லை. திருத்தம் ஏற்கெனவே வெளிவந்திருந்தது. எவருக்கும் இணையத்தில் கிடைக்கும் ஒரு தாக்குதல் கருவி பின்னர் அந்த இடைவெளியில் நுழைந்தது. நோயாளிப் பதிவு மென்பொருளில் ஒரு குறை இருப்பதாக 2014லேயே தகவல் வந்திருந்தும் அது முறையாகப் பின்தொடரப்படவில்லை. 2018 ஜூன் மாதத்தில் தரவுத்தளத்துக்குள் நுழையும் தோல்வி முயற்சிகளைக் கீழ்நிலை ஊழியர்கள் கவனித்தார்கள். ஜூலை 4 அன்று, விசித்திரமான வினவல்களைக் கண்ட ஒரு நிர்வாகி அவற்றை நிறுத்தினார். ஆனால் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10இல்தான். ‘பாதுகாப்புச் சம்பவம்’ என்றால் எது, எப்போது மேலே சொல்ல வேண்டும் என்பதைப் பொறுப்பில் இருந்தவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று குழு பதிவுசெய்தது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றிருந்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

கண்ணில் பட்டவர்கள் சொன்னார்கள். தீவிரத்தைக் குறிக்க வேண்டியவர் குறிக்கவில்லை. டெபியனில் ஒரு மாணவர்கூட ஒரு பொதிக்கு ‘கிரேவ்’ என்று ஒட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். பராமரிப்பாளர் காரணம் சொல்லி மாற்றும்வரை அந்த முத்திரை எல்லோர் கண்ணிலும் நிற்கும். பதவி வரிசையில் ஏறிப் போக வேண்டிய அவசியம் அங்கே இல்லை. மூடிய நிறுவனங்கள் இதை அப்படியே கடன் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும், முதலில் பார்த்தவரே தீவிரத்தைப் பதிவேட்டில் எழுதலாம், மேலதிகாரி அதைக் குறைத்தால் காரணத்தையும் எழுத வேண்டும் என்ற ஒரு விதியை எந்த அலுவலகமும் நாளைக்கே வைத்துக்கொள்ளலாம்.

இனித் தமிழுக்கு வருகிறேன். தேக்காவில் சிராங்கூன் சாலை வழியாக நடந்தால் ஸ்ரீ வீரமாகாளியம்மன், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள், ஸ்ரீ வடபத்திர காளியம்மன் என்று கோயில்கள் வரிசையாக வரும். இந்த ‘ஸ்ரீ’ கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது. யுனிகோடு 4.1 வெளிவந்த 2005ஆம் ஆண்டுவரை ஸ் என்ற எழுத்தோடு ரீ சேர்த்து எழுதுவதே வழி. அந்தப் பதிப்பில் ஶ என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடைத்தது; அதிலிருந்து ஶ் என்பதோடு ரீ சேர்ப்பதே சரியான வரிசை என்று யுனிகோடு சொல்கிறது. மென்பொருள்கள் மெதுவாகத்தான் மாறின. எனவே இரண்டும் இன்றுவரை பரவலாகப் புழங்குகின்றன. எந்த விசைப்பலகை நிரலை வைத்துத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று உள்ளே போகும். இரு வரிசையையும் அறிந்த எழுத்துருவில் கண்ணுக்கு ஒரே வடிவம். கணினிக்கோ இரண்டு வேறு சொற்கள்.

‘கொ’ போன்ற எழுத்துகளுக்கும் இதே வகைச் சிக்கல் உண்டு. கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம், ஒன்றாகவும் போடலாம். ஆனால் அவை இரண்டும் சமம் என்று யுனிகோடு விதித்திருப்பதால் இயல்பாக்கம் என்ற படியில் ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’க்கு அந்த விதி இல்லை. தேடும் மென்பொருள் தானாகத் தெரிந்து இணைத்தால் உண்டு. இல்லையென்றால் கோயிலின் பெயரைச் சரியாகத் தட்டியும் கிடைக்காது. தேசிய நூலக வாரியத்தின் துணையோடு 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்னாக்கம் பெற்றன. 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களும் நூலகத்தின் மின் தொகுப்பில் உள்ளன. இப்படிச் சேர்க்கும் செல்வத்தை எல்லாம் நாளைய மாணவர் எழுத்தைத் தட்டித்தான் தேடுவார். எழுத்து இரண்டாகக் கிடந்தால் பாதி கண்ணில் படாது.

இந்த வழுவுக்கு டெபியனில் என்ன தீவிரம் போடலாம்? இங்கேதான் அந்த ஏழு படிகளின் நுட்பம் விளங்குகிறது. தமிழ் எழுத்துருப் பொதி ஒன்றின் புதிய பதிப்பு ‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’வையும் மற்ற உயிர்மெய்களையும் உடைத்துக் காட்டினால், அந்தப் பொதியின் வேலையே கெட்டது; ‘கிரேவ்’ என்று தயங்காமல் போடலாம். அதே கோளாறு, உலகின் எழுத்துகளை எல்லாம் வடிவமைக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ போன்ற பொது நிரல் நூலகத்தில் இருந்தால் கிரேவ் செல்லாது. ஏனெனில் ஆங்கிலக்காரருக்கும் சீனருக்கும் அது நன்றாகவே ஓடும். அதற்கு ‘இம்பார்ட்டன்ட்’ இருக்கிறது. அதன் விளக்கத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும்: பொதியின் பயன்பாட்டைப் பெரிதும் கெடுக்கும் வழு, ஆனால் எல்லோருக்குமே முற்றிலும் பயனற்றதாக ஆக்கிவிடாதது. எல்லோருக்கும் அல்ல, ஒரு சாராருக்குப் பெருங்கேடு என்றால் அது முக்கியமான வழு என்பதை அந்த வரி ஏற்றுக்கொள்கிறது. சிறுபான்மை மொழிகளுக்கான இடம் விதியிலேயே இருக்கிறது.

நடைமுறையில் நம்மவர்கள் அந்த இடத்தைப் பிடிப்பதில்லை. மொழிபெயர்ப்புகளை ‘விஷ்லிஸ்ட்’, அதாவது விருப்பப் பட்டியல், என்ற கடைசிப் படியில் அனுப்புவது டெபியனின் மரபு. மொழிபெயர்ப்புக்கு அது பொருத்தமே. தமிழ்ச் சொற்கள் இல்லாவிட்டால் மென்பொருள் ஆங்கிலத்தில் ஓடும், உடையாது. ஆனால் தமிழ் என்றாலே விருப்பப் பட்டியல் என்ற பழக்கம் படிந்து, எழுத்துடைவும் தேடல் தோல்வியும்கூட ஒரு வேண்டுகோளின் குரலில் எழுதப்படுகின்றன. பணிவு நல்ல குணம்தான்; தீவிரப் படியைக் குறிக்கும் இடத்தில் அது பொய்த் தகவல் ஆகிவிடும். மிகைப்படுத்துவதும் அப்படியே. தமிழில் ஒரு மெனு பிழையாக இருக்கிறது என்பதற்காகக் ‘கிரிட்டிக்கல்’ போட்டால், அடுத்த முறை உண்மையான புகாரை யாரும் படிக்கமாட்டார்கள்.

இந்த வேலைக்குச் சிங்கப்பூரைவிட உரிமை கொண்ட ஊர் குறைவு. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவோடு சேர்ந்து உழைத்ததால், 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த கவிதைத் தளத்தில் மற்ற மூன்று ஆட்சிமொழிகளோடு தமிழும் இணையத்தில் ஏறியது. முதல் தமிழ் இணைய மாநாடு 1997 மே மாதம் இங்கேதான் நடந்தது. 2000 ஜூலை மாநாட்டை ஒட்டி உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இங்கேதான் உருவானது. அந்தத் தலைமுறை குறியேற்றத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சுமை இல்லை. இருப்பதைச் சோதித்து, உடைந்ததை உரிய படியில் எழுதிவைக்கும் வேலை மட்டுமே மிச்சம்.

டெபியன் 13 ‘ட்ரிக்ஸி’ 2025 ஆகஸ்ட் 9இல் வெளிவந்தது. அடுத்தது ‘ஃபோர்க்கி’. வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலை அறிவிக்கப்பட்ட பிறகு பெரிய மாற்றங்களை ஏற்கமாட்டார்கள். அதற்கு முன்பே நம் புகார்கள் போய்ச் சேர வேண்டும். தமிழில் லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர்கள், குறிப்பாக இங்குள்ள பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், டெபியனுக்கு வழுவைத் தெரிவிக்கும் ‘ரிப்போர்ட்பக்’ கருவியைத் திறந்து ஒரு வழுவையாவது எழுதுங்கள். பொதியின் பெயர், கோட்டுக்குப் பின் உள்ளதையும் சேர்த்து முழுப் பதிப்பு எண், எந்த எழுத்தை எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், முந்தைய எந்தப் பதிப்பில் அது சரியாக இருந்தது ஆகியவற்றைக் குறியுங்கள். தீவிரப் படியைக் கேட்கும்போது விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி போடுங்கள்.